கன ஹைட்ரஜன் சொட்டு குடுத்தா என் அக்கா மகன் நடப்பானா?

உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. நாலு தாள், ரெண்டு பக்கமும் எழுதின கடுதாசி. பேரு ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன், ஏன்னா கிட்டத்தட்ட இதே கதையோட என் ஓ.பி.க்கு வேற குடும்பங்களும் வந்துட்டாங்க.

தம்பிக்கு 29 வயசு, கப்பலூர்ல லேத் பட்டறையில வேலை. அக்கா மகனுக்கு 16 வயசு, பிளஸ் ஒன் படிக்கிறான். 11 வயசுல ஓடும்போது அடிக்கடி விழ ஆரம்பிச்சிருக்கான், மொதல்ல எல்லாரும் "தரையைப் பாத்து ஓடுடா"ன்னு திட்டியிருக்காங்க, அப்புறம் நடை தள்ளாடி, பேச்சு குழறி, கையெழுத்து கோணலாகி, பாதம் வளைஞ்சு, இப்ப சுவத்தைப் பிடிக்காம நடக்க முடியல. மதுரையில ஒரு நரம்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எல்லாம் பாத்துட்டு "ஃப்ரீட்ரைக் அட்டாக்சியாவா இருக்கலாம், ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க"ன்னு எழுதிக் குடுத்திருக்காரு, அது ஜீன் பழுதால நரம்பு கெட்டு நடை தள்ளாடுற நோய். அந்த டெஸ்ட் இன்னும் எடுக்கல. அதுக்கு வச்சிருந்த காசு வேற எடத்துக்குப் போயிருச்சு.

எங்க போச்சுன்னா, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்துல கூட்டம் போட்டு "கன ஹைட்ரஜன் சொட்டு"ன்னு ஒண்ணு வித்திருக்காங்க. 30 மில்லி சீசா 18,500 ரூபா, தினம் ஒரு மில்லி தண்ணியில கலந்து குடிக்கணும், செல்லு துருப்பிடிக்காம காக்கும், ஃபாரின்ல இதே அட்டாக்சியாவுக்கே குடுக்குறாங்கன்னு போன்ல வெள்ளைக்கார டாக்டர் பேசுற வீடியோ வேற காட்டியிருக்காங்க. ரெண்டு சீசா முடிஞ்சிருச்சு. இப்ப ஆறு மாசக் கோர்ஸ் மொத்தமா எடுத்தா தள்ளுபடியாம், அதுக்கு அக்கா பேர்ல இருக்குற 4 சென்ட் மனையை விக்கலாமான்னு வீட்ல பேச்சு. பெரியப்பா "அது அணு உலையில ஊத்துற தண்ணிடா, புள்ளைக்குக் கேன்சர் வந்துரும்"ங்கிறாரு. சென்னையில இருக்குற ஒரு சொந்தக்காரர் நேர் எதிரா, கன ஹைட்ரஜன்தான் வெசமே, அதை நீக்கின தண்ணின்னு ஒண்ணு விக்குது, அதை வாங்கிக் குடுங்கன்னு சொல்றாரு. கடுதாசி முடியுற எடத்துல, போற போக்குல ஒரு வரி: "அக்கா மகளை எனக்குத்தான் பேசி வச்சிருக்காங்க, தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள தம்பிப் பயலை நடக்க வச்சுறணும்னு ஆசை."

தம்பி, உங்க கடுதாசியை மூணு தடவ படிச்சேன். மொதல்ல நீங்க கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லிடுறேன், மத்ததைப் பைய பேசுவோம். மனையை விக்காதீங்க. மூணாவது சீசா வாங்காதீங்க. சீசாவுல அவங்க சொன்னதுதான் இருந்துச்சுன்னா, இதுவரைக்கும் குடுத்ததால பையனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆனா அந்த ரெண்டு மாசத்துல எடுத்திருக்க வேண்டிய ரெண்டு ரத்த டெஸ்ட் எடுக்காம நிக்குது, எனக்கு அதுதான் அடிச்சுக்குது.

அவங்க மண்டபத்துல சொன்னது பூராவும் பொய்யா இருந்திருந்தா உங்களுக்கு இதை விளக்குறது ரொம்ப சுலபம். பாதி உண்மை, தம்பி. அதனாலதான் உங்களை மாதிரி படிச்சு, யோசிச்சு, நாலு பேர்ட்ட விசாரிக்கிற ஆளையும் அது இழுத்துருச்சு. அதனால அந்த உண்மைப் பாதி என்னன்னு மொதல்ல சொல்லிடுறேன்.

எண்ணெய் காறிப் போற கதைதான் உடம்புக்குள்ளயும்

வீட்ல கடலை எண்ணெயைத் தெறந்து வெயில் படுற எடத்துல வச்சா கொஞ்ச நாள்ல சிக்கு வாடை அடிக்கும்ல, அங்க நடக்குறது என்னன்னா காத்துல உள்ள ஆக்சிஜன் எண்ணெயில இருக்குற கொழுப்பு மூலக்கூறைக் கெடுக்குது. எல்லாக் கொழுப்பும் ஒரே மாதிரி கெடாது, தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது, சூரியகாந்தி சீக்கிரம் கெடும், காரணம் அதுல லினோலெயிக் அமிலம் அதிகம். அந்த அமிலத்துல ஒரு குறிப்பிட்ட எடம் இருக்கு, ரெண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்குற ஒரு கார்பன், அதுல உள்ள ஹைட்ரஜனை லேசா இழுத்தாலே கழண்டு வந்துரும். ஃப்ரீ ராடிக்கல்னு சொல்றாங்கல்ல, ஜோடி இல்லாத எலெக்ட்ரானோட அலையுற மூலக்கூறு, அது வந்து அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கும், அந்தக் காலி எடத்துல ஆக்சிஜன் உக்காரும், உக்காந்த உடனே அது பக்கத்து மூலக்கூறோட ஹைட்ரஜனைப் பிடுங்கும், அது அதுக்கடுத்ததை. சிவகாசி சரவெடியை நினைச்சுக்கங்க, ஒரு முனையில பத்த வச்சா போதும், மிச்சம் தன்னால போகும்.

நம்ம நரம்பு செல்லோட சுவர்லயும் இந்த மாதிரிக் கொழுப்பு நிறைய இருக்கு. ஃப்ரீட்ரைக் அட்டாக்சியாவுல ஃபிராடாக்ஸின்னு ஒரு புரதம் தேவையான அளவு உற்பத்தியாகுறது இல்ல, அது செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல இரும்பையும் கந்தகத்தையும் சேத்துக் கட்டுற வேலைக்கு வேணும், அது கொறைஞ்சா இரும்பு அங்கயே தேங்கும், தேங்குன இரும்பு பொறியா மாறி சரவெடியைக் கொளுத்திக்கிட்டே இருக்கும். நீளமான நரம்பு, சிறுமூளைக்குப் போற பாதை, இருதயத் தசை இதெல்லாம் மொதல்ல அடிபடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப கன ஹைட்ரஜன். சாதாரண ஹைட்ரஜனோட கருவுல ஒரு புரோட்டான், அவ்வளவுதான். டியூட்டீரியம்னு பேர் வச்சிருக்குற கன ஹைட்ரஜன்ல கூடுதலா ஒரு நியூட்ரான், அதனால எடை ரெண்டு மடங்கு. 1931ல ஹெரால்டு யூரிங்கிற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடிச்சாரு, 1934ல நோபல் பரிசு. ரசாயனத்துல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா கன ஹைட்ரஜன் கார்பனோட சேந்தா அந்தப் பிணைப்பு அதிர்றது மெதுவாகி, ஆழமா உக்காந்துக்கும், அதைப் பிடுங்குறதுக்குக் கூடுதல் பலம் வேணும். வழக்கமா ஆறேழு மடங்கு மெதுவாத்தான் கழலும், சில நொதிகள்ல அதைவிட ரொம்பவே மெதுவா.

மிகயில் ஷெபினோவ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2007ல ஒரு யோசனை எழுதினாரு. கொழுப்புல எந்த எடத்துல ஹைட்ரஜன் சுலபமா கழலுதோ சரியா அந்த எடத்துல மட்டும் கன ஹைட்ரஜனை வச்சு எண்ணெய் தயாரிச்சு சாப்பாட்டுல குடுத்தா, செல் சுவரே தீப்பிடிக்காத சாமானால கட்டின மாதிரி ஆகாதாங்கிறதுதான் அது. ஈஸ்ட்ல செஞ்சு பாத்தாங்க, நல்லா வேலை செஞ்சுது, அதுலயும் எல்லாத்தையும் மாத்த வேண்டியதில்ல, அஞ்சுல ஒரு பங்கு மாறினாலே சங்கிலி அறுந்துருச்சு. சரவெடியில நடுவு நடுவுல நமத்துப் போன வெடி இருந்தா வெடிக்கிறது அங்கயே நின்னு போகும்ல, அதே கணக்கு. எனக்கு இதை மொதல்ல படிச்சப்ப அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு, இவ்வளவு சின்ன மாத்தம் இவ்வளவு பெரிய வேலை செய்யுதேன்னு, இன்னைக்கும் அந்த யோசனை மேல எனக்கு மதிப்பு கொறையல.

அந்த எண்ணெயை மனுசங்களுக்கும் குடுத்தாங்க, அதுவும் ஃப்ரீட்ரைக் அட்டாக்சியாவுக்கே. நீங்க பாத்த வீடியோ அதைப் பத்தினதா இருக்கலாம். 28 நாள் நடந்த சின்ன சோதனை, முடிவு 2018ல வெளியாச்சு, சைக்கிள் மிதிக்கிற சக்தி கொஞ்சம் கூடின மாதிரி தெரிஞ்சுது. அதுக்கப்புறம் 11 மாசம் நடந்த பெரிய சோதனையில, நிஜ மருந்து சாப்பிட்டவங்களுக்கும் வெறும் டம்மி கேப்ஸ்யூல் சாப்பிட்டவங்களுக்கும் முக்கியமான கணக்குல வித்தியாசம் வரல. இந்த ரெண்டாவது பாதியை மண்டபத்துல உங்களுக்குச் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் அந்த எண்ணெய் இந்த நோய்க்கு மருந்தா எங்கயும் கடைக்கு வரல.

சீசாவுல இருக்குறது அது இல்ல

சரி, அந்த எண்ணெயே முழுசா ஜெயிச்சிருந்தாலும் உங்க வீட்டு சீசாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சோதனையில குடுத்தது எண்ணெய், தினம் பல கிராம் கேப்ஸ்யூலா. உங்களுக்குக் குடுத்தது தண்ணி மாதிரி ஒரு சொட்டு. அது நெசமாவே கனநீரா, அதாவது கன ஹைட்ரஜன் சேந்த தண்ணியா இருந்தா கூட அதுல உள்ள கன ஹைட்ரஜன் நரம்புக் கொழுப்போட அந்த எடத்துக்குப் போய் உக்காராது. ஏன்னா லினோலெயிக் அமிலத்தை நம்ம உடம்புக்குத் தயாரிக்கவே தெரியாது, சாப்பாட்டுல எப்படி வருதோ அப்படியேதான் எடுத்துக்கும், கார்பன்ல ஒட்டின அந்த ஹைட்ரஜனைக் குடிக்கிற தண்ணியோட மாத்திக்கவும் மாத்திக்காது. பூட்டு வீட்டு வாசல்ல தொங்க வேண்டியது, அதைக் கொண்டு போய் தெருவுல போட்டுட்டா வீடு பூட்டின மாதிரி ஆயிருமா?

கணக்காவும் பாருங்க. உங்க மருமகன் 50 கிலோன்னு எழுதியிருக்கீங்க, அப்ப உடம்புல சுமார் 30 லிட்டர் தண்ணி. இயற்கையாவே தண்ணியில 6,400 ஹைட்ரஜனுக்கு ஒண்ணு கன ஹைட்ரஜன்தான், வைகைத் தண்ணியானாலும் போர் தண்ணியானாலும். அப்படின்னா அவன் உடம்புல இப்பவே நாலரை மில்லி கனநீருக்குச் சமமா கன ஹைட்ரஜன் இருக்கு, பொறந்ததுல இருந்து. அதுல ஒரு மில்லியைச் சேக்குறதுக்கு நாளைக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல குடுத்திருக்கீங்க.

நெசமா கனநீரான்னு பாக்கணும்னா ஒரு வழி இருக்கு, நீங்க லேத்ல மைக்ரான் கணக்குப் பாக்குற ஆளு, உங்களுக்குப் பிடிக்கும்னு சொல்றேன். கனநீர் சாதாரணத் தண்ணியை விட நூத்துக்கு பதினோரு பங்கு எடை கூட. சிரிஞ்சுல சரியா 10 மில்லி எடுத்து நகைக் கடைத் தராசுல வச்சா தண்ணின்னா 10 கிராம், சுத்தமான கனநீர்னா 11 கிராம். உப்போ சர்க்கரையோ கலந்திருந்தாலும் எடை கூடும், அதனால 11 வந்தா கனநீர்னு உறுதி ஆகாது, 10 வந்தா இல்லைன்னு உறுதி. எது வந்தாலும் மேல சொன்ன காரணத்தால அது மருந்து இல்லைங்கிறது மாறாது.

பெரியப்பாவுக்கும் சென்னைச் சொந்தக்காரருக்கும்

பெரியப்பா சொன்னதுல ஒரு விசயம் சரி, கல்பாக்கம் மாதிரி உலையில கனநீர் ஊத்துறாங்க, நம்ம தூத்துக்குடியிலயே உர ஆலையை ஒட்டி கனநீர் ஆலை ஓடுச்சு. ஆனா டியூட்டீரியத்துக்குக் கதிர்வீச்சு கிடையாது. கதிர்வீச்சு உள்ளது அதுக்கும் அடுத்தது, டிரிட்டியம், 12.3 வருசத்துல பாதியா கொறையும். பேரு பக்கத்துல பக்கத்துல இருக்குறதால ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிறாங்க. உடம்புல எவ்வளவு தண்ணி இருக்குன்னு அளக்குறதுக்கு ஆராய்ச்சியில மனுசங்களுக்குக் கொஞ்சூண்டு கனநீர் குடுத்துப் பாக்குறது ரொம்ப காலமா நடக்குது, பச்சைக் குழந்தைகளுக்குக் கூட. அதனால ரெண்டு சீசாவுக்குக் கேன்சர் வராதுன்னு பெரியப்பாகிட்ட தைரியமா சொல்லுங்க.

அதே நேரம் அளவுக்கு மீறினா அது கெடுதல்தான். விலங்குகள்ல உடம்புத் தண்ணியில கால்வாசியைக் கனநீரா மாத்துனப்ப மலடாச்சு, பாதி ஆனப்ப உசுரே போச்சு. எல்லா எடத்துலயும் கன ஹைட்ரஜன் போய் உக்காந்தா எல்லா வேலையும் மெதுவாகும், செல் பிரியறது உட்பட. சரியான மூலக்கூறுல சரியான எடத்துல வச்சா அதே கன ஹைட்ரஜன் நல்ல மருந்தாவும் ஆகும், ஹன்டிங்டன் நோயில வர்ற கட்டுப்படாத அசைவுக்கு டியூட்டெட்ராபெனசின்னு ஒரு மாத்திரை 2017ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, அதுல கன ஹைட்ரஜன் செய்யுற வேலை மருந்து உடம்புல சீக்கிரம் கரைஞ்சு போகாம பாத்துக்கிறது. எடந்தான் முக்கியம் தம்பி.

சென்னைச் சொந்தக்காரர் சொல்ற கன ஹைட்ரஜன் நீக்கின தண்ணிக்கு, இந்த நோயைக் கொறைக்கும்னு எந்த ஆதாரமும் இல்ல. அதையும் வாங்க வேண்டாம். இனிமே "ஹைட்ரஜன் வாட்டர் மிஷின்"னு மூணாவது ஆள் வருவாரு, அது சாதாரண ஹைட்ரஜன் வாயுவைத் தண்ணியில கரைக்கிறது, அதுக்கும் கன ஹைட்ரஜனுக்கும் பேருல மட்டுந்தான் ஒத்துமை.

நீங்க ஒரு எடத்துல "ஆன்டி ஆக்சிடென்ட்தானே டாக்டர், நல்லது செய்யலைன்னாலும் கெட்டது செய்யாதுல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. இதை நிறையப் பேர் நம்புறாங்க, அதனால அழுத்திச் சொல்றேன். பின்லாந்துல சிகரெட் குடிக்கிற 29,000 ஆம்பளைகளுக்கு பீட்டா கரோட்டீனும் வைட்டமின் ஈ-யும் குடுத்துப் பாத்தாங்க, 1994ல முடிவு வந்துச்சு, பீட்டா கரோட்டீன் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் நூத்துக்கு 18 பங்கு கூடியிருந்துச்சு. நல்லதுன்னு நினைச்சுக் குடுத்தது. இந்த அட்டாக்சியாவுக்கே ஐடிபெனோன்னு ஒரு ஆன்டி ஆக்சிடென்டை வருசக்கணக்கா நம்பி, பெரிய சோதனையில அது நிக்கல. காரணம் இல்லாம இரும்பு டானிக்கும் குடுக்காதீங்க, மேல சொன்னேன்ல, அந்த நோயில இரும்பே ஒரு பொறி.

மொதல்ல எடுக்க வேண்டிய ரெண்டு ரத்த டெஸ்ட்

இதுதான் இந்தப் பதில்லயே முக்கியமான பகுதி, மத்ததை விட்டாலும் இதை விட்டுறாதீங்க.

உங்க டாக்டர் "இருக்கலாம்"னுதான் எழுதியிருக்காரு, உறுதி பண்ணல. பாக்குறதுக்கு அச்சு அசலா ஃப்ரீட்ரைக் மாதிரியே இருக்குற இன்னொரு நோய் இருக்கு. ஈரல்ல ஒரு புரதம் வேலை செய்யாம போறதால சாப்பாட்டுல வர்ற வைட்டமின் ஈ ரத்தத்துல நிக்காது, அதுலயும் சின்ன வயசுல தள்ளாட்டம், பேச்சுக் குழறல், முட்டியில தட்டினா கால் உதறாம இருக்குறது, எல்லாமே வரும். வைட்டமின் ஈ தான் செல் சுவர்ல அந்தச் சரவெடியை அணைக்கிற நம்ம சொந்தத் தீயணைப்புப் படை, அது இல்லாம நரம்பு கருகுது. இதுக்கு வைத்தியம் கூடுதல் அளவுல வைட்டமின் ஈ மாத்திரை, ஆயுசு பூரா, டாக்டர் மேற்பார்வையில. மேற்கொண்டு மோசமாகாம நிப்பாட்டலாம், சிலருக்குக் கொஞ்சம் திரும்பியும் வரும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. நான் படிக்கிற காலத்துல ஒரு பொண்ணை வருசக்கணக்கா ஃப்ரீட்ரைக்னு சீட்டு எழுதி வச்சிருந்தோம், யாரும் அந்த டெஸ்டைப் போடல, போட்டப்ப வைட்டமின் ஈ அளவு தரையில கிடந்துச்சு. அந்தப் பொண்ணு அதுக்குள்ள வீல் சேருக்கு வந்துருச்சு. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல, அதுனாலதான் தள்ளாடிக்கிட்டு வர்ற ஒவ்வொரு புள்ளைக்கும் இதை நான் மொதல்ல கேக்குறேன்.

இது அரிதான நோய்தான், உங்க பையனுக்கு அதுதான்னு நான் சொல்லல, ஆசை காட்ட விரும்பல. ஆனா பாக்காம விடக்கூடாது. ரத்தத்துல வைட்டமின் ஈ அளவு, கூடவே பி12. மாத்திரை எதுவும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுக்கணும்.

ரெண்டாவது ஜீன் டெஸ்ட். லேப்ல "எக்ஸோம்"னு, நிறைய ஜீனை ஒரே நேரத்துல படிக்கிற பெரிய டெஸ்ட் ஒண்ணு சொல்லுவாங்க, அதுல ஃப்ரீட்ரைக் பிடிபடாம போக வாய்ப்பு அதிகம், ஏன்னா இந்த நோயில ஜி.ஏ.ஏ.ங்கிற மூணு டி.என்.ஏ. எழுத்து திரும்பத் திரும்ப நூத்துக்கணக்குல நீண்டு போயிருக்கும், அதை எண்ணுறதுக்குத் தனி முறை வேணும். "ஜி.ஏ.ஏ. ரிப்பீட் டெஸ்ட்"னு பேர் சொல்லிக் கேளுங்க. சாதாரணமா 33க்குக் கீழ, நோய் உள்ளவங்களுக்கு 66ல இருந்து ஆயிரத்துக்கு மேல கூட. நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.க்கு எம்.ஆர்.ஐ. படத்தோட போங்க, வெளிய டெஸ்ட் எடுக்குறதுன்னாலும் அங்க காட்டி எழுதி வாங்கிட்டு எடுங்க.

ஃப்ரீட்ரைக்னு உறுதியானாலும் செய்யுறதுக்கு நிறைய இருக்கு. வருசா வருசம் ஈ.சி.ஜி., எக்கோ கட்டாயம், இந்த நோயில காலை விட இருதயம்தான் உசுருக்கு ஆபத்து, அதைப் பாக்காம காலையே பாத்துக்கிட்டு இருப்போம். சர்க்கரை டெஸ்ட். முதுகெலும்பு வளையுதான்னு பாக்கணும். பிசியோதெரபி தினமும், சும்மா பேருக்கு இல்லாம நிக்கிறது, பேலன்ஸ், கணுக்காலை இழுத்து விடுறது. தண்ணி குடிக்கும்போது புரை ஏறுதான்னு கவனிங்க. 2023 பிப்ரவரியில ஓமாவெலாக்சலோன்னு ஒரு மாத்திரை அமெரிக்காவுல 16 வயசு ஆனவங்களுக்கும் அதுக்கு மேல உள்ளவங்களுக்கும் அனுமதி வாங்கியிருக்கு, உடம்போட சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பைத் தூண்டி விடுற மருந்து, கொஞ்சம் மெதுவாக்கும், குணமாக்காது, ஈரல் டெஸ்ட் அடிக்கடி பாக்கணும், அங்க வருசத்துக்கு மூணு லட்சம் டாலருக்கு மேல விலை. அதுக்காகவும் மனையை விக்க நினைக்காதீங்க, 4 சென்ட் அதுக்கு ஒரு மாசத்துக்குக் கூடக் காணாது. ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் கையில இருந்தா வெளிநாட்டு மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க டாக்டர் சீட்டோட அனுமதி கேக்குற வழி, ஆராய்ச்சிகள்ல பேரு குடுக்குற வழி எல்லாம் பின்னால தெறக்கும். ரிப்போர்ட் இல்லாம எதுவும் தெறக்காது.

நீங்க கேக்காத கேள்வி

தை மாசக் கல்யாணம். நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லாம விட்டா நான் டாக்டரே இல்ல. கோவிச்சுக்காதீங்க.

ஃப்ரீட்ரைக் வரணும்னா அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு பழுதான ஜீன் சேரணும். அப்படின்னா உங்க அக்காவும் மச்சானும் ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்காங்க, அவங்களுக்கு நோய் இல்ல, வராது. அக்காவுக்கு இருந்தா அது உங்க அம்மா அப்பாவுல ஒருத்தர்ட்ட இருந்து வந்திருக்கும், உங்களுக்கும் அது இருக்க ரெண்டுல ஒரு வாய்ப்பு. அக்கா மகளுக்கு நோய் இல்லைன்னா கூட ஜீனைச் சுமக்க மூணுல ரெண்டு வாய்ப்பு. ரெண்டு பேருக்கும் இருந்தா பொறக்குற ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒண்ணு. எல்லாத்தையும் பெருக்குனா இப்போதைய கணக்குல பன்னெண்டுல ஒண்ணு. வைட்டமின் ஈ நோயா இருந்தாலும் இதே கணக்குதான்.

இதுக்காகக் கல்யாணத்தை நிறுத்துங்கன்னு நான் சொல்லல. பையனோட டெஸ்ட் வந்த பிறகு நீங்க மொதல்ல ஒரு டெஸ்ட் எடுங்க. கவனிங்க, நீங்க, அந்தப் பொண்ணு இல்ல. உங்களுக்கு அந்த ஜீன் இல்லைன்னு வந்துட்டா உங்க ரெண்டு பேர் பிள்ளைகளுக்கு இது வரும்னு பயப்பட வேண்டியதே இல்ல, விசயம் அங்கயே முடிஞ்சுது. அவளை மொதல்ல டெஸ்ட்டுக்கு அனுப்பினா, அவ கேக்காத ஒரு பதில் வந்து நிக்கலாம், ஏன்னா இந்த நோய் சிலருக்கு 25 வயசுக்கு மேலயும் ஆரம்பிக்கும், அவளுக்கே ரெண்டு ஜீனும் இருக்குன்னு தெரிய வந்தா அதைத் தாங்குறதுக்கு அவ தயாரா இருக்கணும். அது அவளோட உரிமை, அவளோட முடிவு, ஜீன் கவுன்சிலர்ட்ட பேசிட்டு அவளா எடுக்க வேண்டியது, வீட்டுப் பெரியவங்க உக்காந்து முடிவு பண்ணுற விசயம் இல்ல. உங்களுக்கு இருக்குன்னு வந்தா ரெண்டு பேரும் சேந்து வாங்க. அவளுக்கும் இருக்குன்னு வந்தா கூட கர்ப்பத்துல 11, 12 வாரத்துலயே பாக்குற டெஸ்ட் இருக்கு, வழி இருக்கு.

இன்னொண்ணு, வீட்ல யாராவது "அத்தை மகனைக் கட்டினதாலதான் இப்படி"ன்னு அக்காவைக் குத்திக் காட்டுறாங்களான்னு பாருங்க. நீங்க எழுதுன தோரணையிலயே அது தெரியுது. அக்கா ஒரு தப்பும் பண்ணல. அந்த ஜீன் எத்தனையோ தலைமுறையா யாருக்கும் தெரியாம வந்துக்கிட்டு இருக்கு.

காசும் சட்டமும்

நரம்பு மண்டல நோய், மூளை நோய், கேன்சர் இதெல்லாம் குணமாக்கும்னு விளம்பரம் பண்ணுறதே 1954ஆம் வருசத்து மருந்து மற்றும் மாய மருந்து விளம்பரச் சட்டப்படி குத்தம். சீசா, லேபிள், பில்லு, மண்டபத்துல குடுத்த நோட்டீஸ், வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ் எதையும் தூக்கிப் போடாதீங்க. 1915ங்கிற நுகர்வோர் எண்ணுக்கு அடிச்சுச் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனுப் போடலாம். பணம் பூராவும் திரும்ப வரும்னு நான் உறுதி குடுக்க முடியாது, ஆனா புகார் போனா அடுத்த கூட்டத்துக்கு வர்ற குடும்பமாவது தப்பிக்கும். பில்லு இல்லாம வாங்கியிருந்தா பணம் அனுப்பின ஜி பே ஸ்க்ரீன்ஷாட் போதும், எடுத்து வைங்க.

"இது க்ளினிக்கல் ட்ரையல், அதான் விலை கூட"ன்னு யாராவது சொன்னா அந்த எடத்துலயே எந்திரிச்சு வந்துருங்க. நெசமான மருந்துச் சோதனை நம்ம நாட்டுல அரசு பதிவேட்டுல முன்கூட்டியே பதிவாகியிருக்கும், சோதிக்கிற மருந்துக்கு நோயாளி காசு குடுக்க வேண்டியதில்ல, சோதனையால பாதிப்பு வந்தா இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் அவங்கதான் குடுக்கணும்னு 2019 விதி சொல்லுது.

பையனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தாச்சான்னு எழுதல. எடுக்கலைன்னா கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி நலத் துறையில கேளுங்க, 2016 சட்டத்துல நாள்பட்ட நரம்பு நோய்க்கும் எடம் இருக்கு. அட்டை இருந்தா பொதுத் தேர்வுல கூடுதலா ஒரு மணி நேரமும், சொல்லச் சொல்ல எழுதுற ஆளும் கேட்டு வாங்கலாம். கையெழுத்து கோணலாப் போனதால கணக்குப் பரீட்சையில நேரம் பத்தாம மார்க் போயிருச்சுன்னு அவன் அழுததா நீங்க எழுதியிருக்கீங்க, புத்திக்கும் படிப்புக்கும் இந்த நோயால பெரிசா ஒண்ணும் ஆகாது, அவனுக்குக் கணக்குத் தெரியும், எழுதத்தான் கை ஒத்துழைக்கல. பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னாடி ஸ்கூல்ல ஹெட் மாஸ்டர் மூலமா மனுப் போடணும், கடைசி நேரத்துல ஓடினா கெடைக்காது, அதனால ரத்தம் குடுக்கப் போற அதே வாரத்துல இதையும் ஆரம்பிச்சுருங்க.